'லிட்டில் விமன்' நாவலை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: சொற்களையும் பாத்திரங்களையும் ஒரே நோட்டில் பிடிக்கும் வழி

'சிறுமிகளுக்கு எழுதின கதைதானே, சுலபமாக இருக்கும்' என்று சொல்லித்தான் பெரும்பாலும் இந்த நாவலைக் கையில் கொடுக்கிறார்கள். கதை சுலபம்தான். ஆனால் மொழி 1868, 1869ஆம் ஆண்டுகளின் அமெரிக்க ஆங்கிலம். அந்தக் காலத்துத் துணிகள், பலகாரங்கள், மருந்துகள், விளையாட்டுகள், பைபிள் சாயல் கொண்ட பேச்சு, பள்ளிக்கூடத்துக் கொச்சை எல்லாம் கலந்து வரும். ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் கல்லூரி மாணவர்களும், பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க நினைக்கும் பெற்றோர்களும் நான்காம் ஐந்தாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கும் இதைப் படித்து முடிக்க நீண்ட காலம் பிடித்தது. எந்த வரிசையில் எதைச் செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாவலில் சொற்களைத் தனியாகவும் பாத்திரங்களைத் தனியாகவும் படிக்க முடியாது. கதையின் நாயகிகளான மெக், ஜோ, பெத், ஏமி என்ற மார்ச் குடும்பத்தின் நான்கு சகோதரிகளும் நான்கு விதமாகப் பேசுகிறார்கள். யார் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று கவனித்தாலே பாதிப் பாத்திரப் படிப்பு முடிந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

1. சரியான பதிப்பு கையில் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். மூன்று பொறிகள் இங்கேதான் இருக்கின்றன.

முதல் பொறி, பாதிப் புத்தகம். நாவலின் ஆசிரியர் லூயிசா மே ஆல்காட் இதை இரண்டு பாகமாக எழுதினார். முதல் பாகம் 1868இலும் இரண்டாம் பாகம் 1869இலும் வந்தன. அமெரிக்காவில் பிறகு இரண்டும் ஒரே நூலாயின. பிரிட்டனில் இரண்டாம் பாகத்தைத் தனி நூலாக 'குட் வைவ்ஸ்' என்ற பெயரில் போடும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தைப் பின்பற்றும் பதிப்புகள் இன்றும் கடைகளில் இருக்கின்றன. பொருளடக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். 47 அத்தியாயங்கள் இருந்தால் முழு நூல். 23 மட்டும் இருந்தால் முதல் பாகம் மட்டும். தேர்வுக்குப் படிப்பவர் என்றால் பாடத்திட்டம் எதைக் கேட்கிறது என்று ஆசிரியரிடம் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, சுருக்கிய பதிப்பு. அட்டை அழகாக இருக்கும், உள்ளே 150 பக்கம்கூட இருக்காது. முழு நாவல் ஒரு லட்சத்து எழுபதாயிரம் சொற்களைத் தாண்டும்; 400 பக்கத்துக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சுருக்கும்போது முதலில் போவது உரையாடல்தான். அந்த உரையாடலுக்காகத்தான் நாம் படிக்கப் போகிறோம்.

மூன்றாவது பலருக்குத் தெரியாது. 1880இல் நாவல் திருத்திய பதிப்பாக வந்தது. ஜோவின் கொச்சைப் பேச்சை அதில் பல இடங்களில் மழுப்பியிருக்கிறார்கள். பாத்திர வர்ணனைகளும் மாறியிருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. முதல் அத்தியாயத்தில் அம்மா மார்மீ வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குப் போங்கள். அவரைப் பருமனான, பிரமாத அழகில்லாத தாய் என்று சொல்லியிருந்தால் அது பழைய பாடம், அதாவது முதலில் வெளிவந்த வடிவம். உயரமான, கம்பீரமான தோற்றமுள்ள பெண் என்று இருந்தால் அது 1880இன் பாடம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல இரண்டாவது வகை. எதைப் படித்தாலும் தவறில்லை. ஆனால் வகுப்பில் ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் வைத்துக்கொண்டு 'என் புத்தகத்தில் இந்த வரி இல்லையே' என்று தவிக்க வேண்டாம். கட்டுரையில் மேற்கோள் காட்டப் போகிறீர்கள் என்றால் எந்தப் பாடம் என்று முன்னுரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதாக இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் முழு நூலும் இலவசம். லிப்ரிவாக்ஸில் ஒலிநூலும் இலவசம். அச்சுப் புத்தகம் வேண்டும் என்றால் சாதாரணப் பதிப்புகள் 200 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அடிக்குறிப்புகளோடு வரும் கல்விப் பதிப்புகள் விலை அதிகம். அவற்றைக் கல்லூரி நூலகத்தில் எடுத்துக் குறிப்புகளை மட்டும் பார்த்துக்கொள்வது போதும்.

2. படிக்கத் தொடங்கும் முன் ஒரு பக்கப் பெயர்ப் பட்டியல்

இந்த நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். முழுப்பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, செல்லமாகவோ கேலியாகவோ இன்னொன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் புதிதாக ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்து முன்பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருப்பீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிவிடுங்கள்:

மெக்: முழுப்பெயர் மார்கரெட். கதை தொடங்கும்போது 16 வயது. கிங் குடும்பத்தின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை.
ஜோ: ஜோசஃபின். 15 வயது. மார்ச் அத்தைக்குத் துணையாளாகப் போய் வருகிறாள். எழுத்தாளராக ஆசை.
பெத்: எலிசபெத். 13 வயது. கூச்சத்தினால் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறாள். பியானோ.
ஏமி: 12 வயது. பள்ளி மாணவி. ஓவியம்.
லாரி: தியடோர் லாரன்ஸ். பக்கத்து வீட்டுப் பையன், 16 வயதை நெருங்குகிறான். ஜோ மட்டும் டெடி என்பாள்.

லாரன்ஸ் என்று வந்தால் தாத்தாவா பேரனா என்று பாருங்கள். ப்ரூக் என்று வருபவரும் ஜான் என்று வருபவரும் ஒருவரே, லாரியின் ஆசிரியர். ஹன்னா வீட்டு வேலைக்கு இருப்பவர், ஆனால் குடும்பத்தில் ஒருவர் மாதிரி. நமக்குக் குழப்பம் தரும் இன்னொன்று, 'ஆன்ட்' என்ற சொல். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, பாட்டி முறையா என்று ஆங்கிலம் சொல்லாது. மார்ச் அத்தை வேறு, இரண்டாம் பாகத்தில் ஏமியை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகும் கேரல் அத்தை வேறு. முறையைத் தேடிக்கொண்டிருக்காமல் பெயரால் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

10ஆம் அத்தியாயத்துக்கு என்று தனியாக ஒரு சிறு குறிப்பு வேண்டும். அங்கே சகோதரிகள் ஒரு ரகசியச் சங்கம் நடத்துகிறார்கள். டிக்கன்ஸ் நாவல் ஒன்றின் ஆண் பாத்திரங்களின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பிக்விக் என்றால் மெக், ஸ்னாட்கிராஸ் என்றால் ஜோ, டப்மன் என்றால் பெத், விங்கிள் என்றால் ஏமி. இந்த நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்த அத்தியாயம் முழுக்கச் சிரிப்பு. எழுதாமல் போனால் ஒன்றும் புரியாது.

3. சொற்களை அகர வரிசையில் எழுதாதீர்கள், பேசுபவர் வாரியாக எழுதுங்கள்

100 பக்க நோட்டு ஒன்று போதும். ஜோவுக்கு 15 பக்கம், ஏமிக்கு 15, மெக்குக்கு 15, பெத்துக்கு 5, மற்றவர்களுக்கு 20, ஆசிரியரின் விவரிப்புக்கு மீதி என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் அது யார் வாயில் வந்ததோ அவர் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தில் அத்தியாய எண், அப்புறம் ஒரு வரியில் சூழ்நிலை.

ஜோவின் பக்கம் சீக்கிரம் நிரம்பும். 'கேப்பிடல்' என்று சொல்வாள், பிரமாதம் என்று பொருள். 'கிறிஸ்டோபர் கொலம்பஸ்' என்று கத்துவாள். வரலாற்றில் இருக்கும் கொலம்பஸைத் தேடாதீர்கள், அது வெறும் வியப்புக் குரல். பாசாங்குக்காரப் பெண்களைப் பற்றிச் சொல்ல 'நிமினி பிமினி' என்று ஒரு சொல் போடுவாள். இவையெல்லாம் அன்றைய பெண்பிள்ளை பேசக் கூடாத பேச்சு. ஜோ கொச்சையாகப் பேசுகிறாள் என்று முதல் அத்தியாயத்திலேயே ஏமி குறை சொல்கிறாள். அந்தக் குறையையும் ஜோவின் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேர்வில் 'ஜோ மரபை மீறுபவள்' என்று எழுத இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஏமியின் பக்கத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவார்கள். ஏமிக்குப் பெரிய சொற்கள் பேச ஆசை, ஆனால் பாதி தவறாக வரும். அவதூறு என்ற பொருளில் 'லைபல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லேபல்' என்கிறாள். அப்பா என்ன ஊறுகாய் பாட்டிலா, லேபல் ஒட்டுவதற்கு என்று ஜோ மடக்குகிறாள். 'வொகாபுலரி' அவள் வாயில் 'வொகாபிலரி' ஆகிறது, 'சட்டயரிக்கல்' என்பது 'ஸ்டட்டிரிக்கல்' ஆகிறது. 7ஆம் அத்தியாயத்தில் குதிரையில் போகும் லாரியைப் பார்த்து 'சைக்ளாப்ஸ்' என்கிறாள். அவள் சொல்ல நினைத்தது 'சென்டார்', அதாவது பாதி மனிதன் பாதி குதிரை. சைக்ளாப்ஸ் ஒற்றைக்கண் அரக்கன். அகராதியில் ஒரு சொல் கிடைக்கவில்லை என்றாலோ கிடைத்த பொருள் பொருந்தவில்லை என்றாலோ முதலில் பார்க்க வேண்டியது, பேசுவது ஏமியா என்பதை. ஏமி என்றால் இரண்டு பத்தியாகப் பிரித்து, அவள் சொன்னதை ஒரு பக்கமும் சொல்ல நினைத்ததை மறுபக்கமும் எழுதுங்கள். தவறான வடிவம் மனதில் பதிந்துவிடாமல் இருக்க இது அவசியம்.

மெக்கின் பக்கம் துணிக்கடை. பாப்ளின், டார்லட்டன், பட்டு, கையுறை, விசிறி. 3ஆம், 9ஆம், 28ஆம் அத்தியாயங்களில் இவை குவியும். ஒவ்வொரு துணியின் நெசவையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எது மலிவு, எது விலையுயர்ந்தது என்ற இரண்டே கேள்வி போதும். டார்லட்டன் மெல்லிய பருத்தித் துணி. அதைப் பழையதாகக் கட்டிக்கொண்டு பணக்காரத் தோழிகள் வீட்டில் நிற்பதுதான் மெக்கின் வேதனை. பின்னால், கல்யாணத்துக்குப் பிறகு, 50 டாலருக்குப் பட்டு வாங்கிவிட்டுக் கணவனுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பதும் அவளேதான். துணிப் பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே மெக்கின் ஆசையும் அடக்கமும் தெரியும்.

பெத்தின் பக்கம் காலியாகக் கிடக்கும். கவலைப்படாதீர்கள். அவள் பேசுவதே குறைவு, பேசினாலும் சின்னச் சின்னச் சொற்கள். இந்த நாவலில் என்னை மிகவும் உலுக்கிய பக்கங்கள் 36ஆம் அத்தியாயத்தில் அவள் ஜோவிடம் கடற்கரையில் பேசுபவை. அங்கே அகராதியே தேவைப்படாது.

மற்றவர்களில் இருவரைக் கவனியுங்கள். ஹன்னாவின் பேச்சு நாட்டுப்புற உச்சரிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் பாகத்தில் வரும் பேராசிரியர் பேயர் ஜெர்மன்காரர். அவர் வாக்கியங்களில் சொல்வரிசை ஜெர்மன் மாதிரி இருக்கும். இருவர் பேச்சையும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். ஒலிநூல் மிகவும் கை கொடுப்பது இங்கேதான்.

4. எல்லாச் சொல்லையும் தேடாதீர்கள்

ஒரு அத்தியாயத்துக்குப் பத்துச் சொல் போதும். அதற்கு மேல் எழுதினால் மூன்றாம் வாரம் நோட்டைத் தொட மாட்டீர்கள். எதைத் தேடுவது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி: இந்தச் சொல் தெரியாவிட்டால் ஒருவர் ஏன் அழுகிறார், ஏன் கோபப்படுகிறார் என்பது தெரியாமல் போகுமா? போகும் என்றால் தேடுங்கள். இல்லை என்றால் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

7ஆம் அத்தியாயத்தின் உப்பிலிட்ட எலுமிச்சை அப்படிப்பட்டது. அது அந்தப் பள்ளியில் சிறுமிகள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் தின்பண்டம், கிட்டத்தட்ட அந்தஸ்து. அது புரிந்தால்தான் 24 எலுமிச்சையோடு பிடிபட்டு உள்ளங்கையில் அடி வாங்கும் ஏமியின் அவமானம் புரியும். மாறாக, சாப்பாட்டு மேசைகளில் வரும் ஒவ்வொரு பண்டத்தின் செய்முறையும் தேவையில்லை. 'ப்ளமாஞ்' என்றால் பாலில் செய்யும் குளிர்ந்த இனிப்பு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 4ஆம் அத்தியாயத்தில் 'மஃப்' என்று வருவது மட்டும் சிக்கல். மஃப் என்பது குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறை. ஹன்னா சுட்டுத்தரும் சூடான பலகாரத்தைச் சகோதரிகள் அப்படி அழைக்கிறார்கள், பனிக்காலத்தில் நடந்து போகும்போது அதுதான் அவர்கள் கைகளுக்குக் கதகதப்பு.

மருந்துப் பெயர்கள் நமக்கு எளிது. ஆர்னிகா, பெல்லடோனா இரண்டும் ஹோமியோபதி மருந்துக்கடையில் இன்றும் கேட்கும் பெயர்கள்தான்.

பணத்தை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்க வேண்டாம், நேரம்தான் வீணாகும். நாவலுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொருத்தியிடமும் இருப்பது 1 டாலர். ஜோ தன் கூந்தலை விற்றுக் கொண்டு வருவது 25 டாலர். கதைப் போட்டியில் அவளுக்குக் கிடைப்பது 100. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எது எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும்.

5. தெரிந்த சொல்லாக இருந்தால் இன்னும் கவனம்

தெரியாத சொல் ஆபத்தில்லை, நின்று தேடுவோம். தெரிந்த சொல்லைத் தாண்டிப் போய்விடுவோம். 'க்வியர்' என்றால் இங்கே விசித்திரம், 'கே' என்றால் குதூகலம். 'டாய்லெட்' என்றால் அலங்கரித்துக்கொள்வது. 3ஆம் அத்தியாயத்தில் மெக் 'ரப்பர்ஸ்' கேட்கிறாள். அழிப்பானை அல்ல, ஈரத்தில் காலணிக்கு மேல் போட்டுக்கொள்ளும் ரப்பர் உறையை. 12ஆம் அத்தியாயத்தில் 'விக்கெட்' வரும், நம் ஊர் வாசகர் யாராக இருந்தாலும் கிரிக்கெட் என்றுதான் நினைப்பார். அது க்ரோக்கே என்ற வேறு விளையாட்டு. விக்கெட் என்பது பந்தைத் தட்டி நுழைக்கும் கம்பி வளைவு.

இதற்கு நல்ல துணை 1913ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் அகராதி. இணையத்தில் இலவசம். கைபேசியில் உள்ள புதிய அகராதி இன்றைய பொருளைத்தான் முதலில் காட்டும். தமிழ்ப் பொருள் தேவைப்பட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் பாருங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பில் முழுப் பத்தியையும் போடாதீர்கள். ஏமியின் பிழைகளை அது திருத்திவிடும், ஹன்னாவின் பேச்சைத் தட்டையாக்கிவிடும்.

6. அத்தியாயத் தலைப்புகளுக்குப் பின்னால் ஒரு பழைய நூல்

6 முதல் 9 வரையான தலைப்புகளைப் பாருங்கள். அழகிய மாளிகை, தாழ்மைப் பள்ளத்தாக்கு, அப்போலியன், வேனிட்டி சந்தை. எல்லாம் ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' என்ற 1678ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்தவை. 'மோட்சப் பிரயாணம்' என்று தமிழிலும் உண்டு. அதை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. முதுகில் பாவச்சுமையோடு ஒருவன் வானுலக நகரத்தை நோக்கி நடக்கிறான், வழியில் சோதனைகள். இவ்வளவு தெரிந்தால் போதும். ஒவ்வொரு சகோதரிக்கும் ஒரு சுமை உண்டு. மெக்குக்கு ஆடம்பர ஆசை, ஜோவுக்குக் கோபம், பெத்துக்குக் கூச்சம், ஏமிக்குத் தன்னலமும் தற்பெருமையும். அவரவர் பக்கத்தின் உச்சியில் இதை எழுதி வையுங்கள்.

7. 16ஆம் அத்தியாயத்தில் உங்களையே சோதித்துப் பாருங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பாதிரியாராகப் பணியாற்றும் அப்பா உடல்நலமின்றி வாஷிங்டன் மருத்துவமனையில் இருக்கிறார், அம்மா போயிருக்கிறார். வீட்டிலிருந்து ஆளுக்கொரு கடிதம். மெக், ஜோ, பெத், ஏமி, ஹன்னா, லாரி, லாரன்ஸ் தாத்தா என்று ஏழு பேர், ஏழு குரல். கையொப்பத்தைத் தாளால் மறைத்துக்கொண்டு யார் எழுதியது என்று சொல்லிப் பாருங்கள். படைத்தளபதி அறிக்கை அனுப்புவது மாதிரி எழுதுவது யார், எழுத்துப் பிழையோடு பிரெஞ்சுச் சொல் போடுவது யார், நான்கே வரியில் முடிப்பது யார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் உங்கள் நோட்டு வேலை செய்கிறது. முடியாவிட்டால் முதல் ஐந்து அத்தியாயங்களின் உரையாடலை மட்டும் திரும்பப் படித்துவிட்டு வாருங்கள். மேலே போக அவசரம் வேண்டாம்.

8. எவ்வளவு காலம் ஆகும்

இரண்டு நாளுக்கு ஒரு அத்தியாயம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அகராதி இல்லாமல் ஒரே மூச்சில் வாசிப்பு, மறுநாள் பத்துச் சொல். முதல் பாகத்துக்கு ஒன்றரை மாதம், முழு நூலுக்கு மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். பருவத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் தொடங்கினால் சுருக்கக் குறிப்பேடுதான் கதி. நேரம் மிகக் குறைவாக இருந்தால் 1, 3, 7, 8, 9, 15, 16, 27, 31, 35, 36, 40, 46 ஆகியவற்றை முழுதாகப் படியுங்கள். மற்றவற்றை வேகமாகப் பாருங்கள்.

23க்கும் 24க்கும் நடுவில் கதையில் மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். அங்கே ஒரு நாள் நின்று பெயர்ப் பட்டியலைப் புதுப்பியுங்கள். வயது மாறும், வேலை மாறும். புதியவர்கள் வருவார்கள். மெக்கின் இரட்டைக் குழந்தைகள் டெமி, டெய்சி. டெமியின் உண்மைப் பெயர் ஜான், டெய்சியின் பெயர் மார்கரெட். வீட்டில் இரண்டு மெக் இருக்கக் கூடாது என்று வைத்த செல்லப்பெயர் அது.

31ஆம் அத்தியாயம் முழுக்க ஐரோப்பாவிலிருந்து ஏமி எழுதும் கடிதங்கள். அதைப் படித்த கையோடு 16இல் அவள் எழுதிய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஏமி வளர்ந்ததை ஆசிரியர் எங்கும் அறிவிக்காமல் மொழியிலேயே காட்டியிருக்கிறார். பாத்திர வளர்ச்சி பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த இரண்டு கடிதங்களை வைத்தே எழுதிவிடலாம். ஏமியைக் கர்வக்காரி என்று ஒதுக்குகிற வாசகர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இந்த ஒப்பீடு நியாயமான பதில் என்பது என் எண்ணம்.

திரைப்படம் பார்க்க விரும்பினால் முதல் பாகம் முடியும் வரை பொறுங்கள். 2019இல் வந்த படம் இரண்டு பாகங்களையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் காட்டுகிறது. நாவல் தெரியாதவருக்கு வரிசை குழம்பும். முழு நாவலையும் முடித்தவர்களுக்கு அடுத்து 'லிட்டில் மென்' (1871), 'ஜோஸ் பாய்ஸ்' (1886) என்று இரண்டு தொடர்ச்சிகள் உண்டு, இரண்டும் இணையத்தில் இலவசம். ஆட்கள் ஏற்கெனவே பழகியவர்கள் என்பதால், அதே நோட்டில் மீதியிருக்கும் பக்கங்களே அவற்றுக்குப் போதும்.